பனிக்குன்னே செஞ்ச டயர்

பெல்மதுளைச் சந்தியில் எங்கள் முதலாளியின் டயர் கடைக்கு வழி கேட்டால், வழியைச் சொல்வதற்கு முன்னால் அவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லுவார்கள். "அந்தாளு பொய் சொல்ல மாட்டாருங்க." சாப்பாட்டுக் கடைக்காரர் சொல்லுவார், துணிக்கடை முஸ்லிம் நானா சொல்லுவார், முச்சக்கரவண்டிக்காரர்கள் சிங்களத்தில் சொல்லுவார்கள். வேலை தேடிப் போன நாளில் எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். நானும் சந்தோஷப்பட்டேன். அதுவரை நான் வேலை செய்த இடங்களில் இருந்தவர்கள் எல்லாரும் பொய்யர்கள். இன்றைக்கு யாராவது அந்த வாக்கியத்தைச் சொன்னால் எனக்கு ஆத்திரத்தில் காது அடைத்துவிடுகிறது.

ஆள் மெலிந்தவர். டயர் கடையில் வெள்ளைச் சட்டையோடு நிற்பார், சட்டையில் ஒரு கறுப்பு இருக்காது. சந்தியிலிருந்து மேலே ஏறுகிற தேயிலைத் தோட்டத்தில், லயம் என்கிற வரிசை வீட்டில்தான் பிறந்தார். அப்பா மழைத்தண்ணீர் ஓடக் கான் வெட்டியவர். அதை அவர் மறைத்ததே இல்லை. "நான் லயத்துல பொறந்தவன், நம்ம சனத்துக்கு நம்மதான் பாக்கணும்" என்பார். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளின் சைக்கிளுக்குச் சும்மாவே காற்று அடிக்கச் சொல்லுவார். என்னைத் திட்டியதில்லை. கடைக்குப் பின்னால் டியூப் தொங்குகிற அறையில் படுக்க இடம் கொடுத்தார். ரப்பர் நாற்றம் தலையைச் சுற்றும், மழைக்கு ஒழுகாது. எனக்கு அது போதும்.

"கேளுங்க, சொல்றேன்." இதுதான் அவர் பேச்சு. வாடிக்கையாளர் வாயைத் திறப்பதற்குள் இதைச் சொல்லிவிடுவார்.

ஒருநாள் முச்சக்கரவண்டிக்காரர் ஒருவர் பழைய டியூப் ஒன்றைத் தூக்கிப் பார்த்து, "நல்லதாங்க?" என்று கேட்டார்.

"பேட்ச் போட்டது. ஒண்ணு இல்ல, நெறைய. வாங்காதீங்க."

வந்தவர் வாங்காமல் போனார். போய் ஸ்டாண்டில் சொன்னார். அடுத்த வாரம் அந்த ஸ்டாண்டே கடையில் நின்றது.

வீட்டிலும் இப்படித்தான். அவருக்குச் சீனி வியாதி. மத்தியானச் சோறு கொண்டுவரும்போது அவர் மனைவி, "தேத்தண்ணிக்குச் சீனி போட்டீங்களா?" என்று அதட்டிக் கேட்பார்.

"பிள்ளையார் சத்தியமா ஒரு கரண்டி சீனி தொடல."

தொடவில்லைதான். மேசை லாச்சிக்குள் கித்துள் கருப்பட்டி இருந்தது. அதைக் கடித்துக்கொண்டு வெறும் தேத்தண்ணீர் குடிப்பார். அந்த அம்மா போனபிறகு என்னைப் பார்த்துக் கண்ணடிப்பார். "சீனியத்தானே கேட்டா?" நான் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறேன்.

சிரிப்பு நின்றது ஒரு லொறிக்காரர் வந்த நாளில். பழைய டயர் ஒன்றைக் காட்டி, "இது எப்பத்த டயர், முதலாளி?" என்று கேட்டார் அவர்.

"போன மாசந்தான் வந்துச்சு."

கடைக்கு வந்தது போன மாதம்தான். டயர் செய்யப்பட்ட வருடம் அதன் பக்கச்சுவரில் அச்சடித்திருந்தது. அது தரையைப் பார்க்கிற பக்கமாக இருந்தது. லொறிக்காரர் தூக்கிக்கொண்டு போனார். நான் முதலாளியைப் பார்த்தேன்.

"என்னா தம்பி? எப்ப செஞ்சதுன்னு கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். கேக்காததுக்கு நான் என்னாத்தச் சொல்றது?"

வெளிநாட்டு டயர் இறக்குமதி நின்றுபோயிருந்த காலம் அது. புது டயர் கிடைக்காது. கிடைத்தாலும் வேன் ஓட்டிப் பிழைக்கிறவன் கிட்ட நெருங்க முடியாது. ஜப்பானில் கழற்றிப்போட்ட பழைய டயர்கள் எந்தெந்த வழியிலோ கொழும்புக்கு வந்து, அங்கிருந்து எங்களுக்கு வரும். அப்படி ஒரு லொறி நிறைய வந்த டயர்களை இறக்கும்போது என் கை நின்றது. அழுத்தினால் விரல் புதைகிற மாதிரி மெத்தென்ற ரப்பர். ஆழமான வெட்டுகள். ஒவ்வொரு கட்டையிலும் பிளேடால் கீறினாற்போல மெல்லிய கோடுகள். பக்கத்தில் மூன்று முகடு வைத்த மலைப்படம், அதற்குள் ஆறு இதழ் வைத்த பூ மாதிரி ஒன்று.

எனக்கு அந்தப் படம் தெரியும். அதற்கு முன்னால் ஒரு குளிர்காலம் நான் ருமேனியாவில் பார்சல் வேனில் மூட்டை ஏற்றி இறக்கினேன். கார்த்திகை மாதம் பிறப்பதற்கு முன்னாலேயே அங்கே டயர்ச் சண்டை தொடங்கிவிடும். எங்கள் கம்பனிக்காரன் எல்லாக் காலத்துக்கும் ஓடுகிற டயரைப் போட்டுச் சமாளிக்கப் பார்த்தான். அது வெயிலுக்கும் ஓடும், கொஞ்சம் பனிக்கும் ஓடும், வருடத்துக்கு இரண்டு தடவை மாற்றுகிற வேலை இல்லை என்றான். டிரைவர் கேட்கவில்லை. டவுனுக்குள் மட்டும் ஓடுவதென்றால் அது போதும், நான் மலைப்பக்கம் போகிறவன், குளிர் டயர் போட்டால்தான் சாவியைத் தொடுவேன் என்று அதை மேசையில் வைத்துவிட்டுக் கோப்பி குடிக்கப் போய்விட்டான். கம்பனிக்காரன் மாற்றிக் கொடுத்தான். சித்திரையில் வெயில் வந்தவுடன் அதே டிரைவர் அதே டயரைக் கழற்றிக் களஞ்சியத்தில் அடுக்கினான். ஏன் என்று கேட்டதற்குத் தரையைக் காட்டினான். குளிருக்குச் செய்த ரப்பர், சூட்டில் குழைந்துவிடும், மழை பெய்த சூட்டுத் தாரில் பிரேக் பிடித்தால் நிற்காது என்று கையால் சாடை காட்டி விளங்கவைத்தான்.

ஆகவே முதலாளியிடம் போய்ச் சொன்னேன். "முதலாளி, இதெல்லாம் ஸ்னோ டயர். இந்த ஊருக்கு ஆகாது. பழசு வேற."

"தெரியும்."

அவர் லாச்சியைத் திறந்து கருப்பட்டி ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டார்.

"ஸ்னோவுக்குத் தமிழ்ல என்னா தம்பி?"

"பனி."

"அப்ப இது பனி டயர்."

மேலே தோட்டத்தில் பனி என்றால் மூட்டம். காலையில் தேயிலை மலையை மூடிக்கொண்டு இறங்கி, முன்னால் போகிறவன் முதுகை மறைக்கிற பனி. தோட்டத்தில் பிறந்து வளர்ந்த எவனுக்கும் வேறு பனி கிடையாது. அவருக்கு அது தெரியும். அவரும் அங்கேயே பிறந்தவர்தானே.

அந்த வாரம் பலகையில் எழுதவைத்தார்: 'பனி டயர் உண்டு.' தமிழில் மட்டும். மற்ற எல்லாம் இரண்டு மொழியிலும் இருந்தது. ஏன் என்று எனக்கு உடனே ஓடவில்லை. கஹவத்தைப் பக்கத்திலிருந்து ஒரு சிங்களக்காரர் வேனோடு வந்து அந்த டயரைத் தட்டிப் பார்த்தபோதுதான் விளங்கியது. சிங்களத்தில் ஆகாயத்திலிருந்து கொட்டுகிற பனிக்கு 'ஹிம' என்று ஒரு சொல். மலையில் இறங்குகிற மூட்டத்துக்கு 'மீதும' என்று இன்னொரு சொல். இரண்டும் குழம்பாது. என்ன டயர் என்று அவர் கேட்டார். பொய் சொல்லாத முதலாளி, "ஹிம டயர், மஹத்தயா" என்றார். வந்தவர் வாய்விட்டுச் சிரித்தார். "ஹிமவா? இங்கே நான் ஹிமவுக்கு எங்கே போவேன், ஐஸ்கிறீம் கடைக்கா?" என்று சிங்களத்தில் கேட்டுவிட்டு, வேறு டயர் பார்த்துக்கொண்டு போனார்.

அந்த டயர் தமிழில் மட்டும்தான் விற்கும். 'நம்ம சனத்துக்கு' மட்டும்தான் விற்கும். அவருடைய சொந்த வேனுக்கு நான்தான் டயர் மாற்றுவேன். அந்தக் குவியலிலிருந்து ஒன்றைக்கூட அவர் எடுக்கச் சொன்னதில்லை.

சந்திரன் வந்தது அப்போதுதான். தோட்டத்து மேல் டிவிஷன்காரன், முதலாளி பிறந்த அதே லயம். தோட்டத்துப் பெண்பிள்ளைகளைக் கீழே தையல் பெக்டரிக்கு ஏற்றி இறக்குகிற வேன் அவனுடையது. அந்த ஹயர் ஓட்டம் கிடைப்பதற்கு முன்னால் மலையில் புல்லு வெட்டியவன். "ஸ்டியரிங்கப் புடிச்ச கையால திரும்பக் கத்தியப் புடிக்க மாட்டேன்" என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிவான். வேன் கண்ணாடியில் தன் பெயரைத் தன் மகளின் பெயரோடு சேர்த்து ஒட்டியிருந்தான்.

"அண்ணே, இந்த மலப் படம் என்னாத்துக்கு?" என்று டயரைத் தடவிக்கொண்டு கேட்டான்.

"மலையிலயும் பனியிலயும் ஓடுற டயருக்கு அந்த அடையாளம் அடிப்பாங்க."

"நடுவுல பூ மாதிரி இருக்கு?"

"அதுதான் பனி."

"பனிய இப்புடியா கீறுவானுங்க! ஜப்பான்காரன் எங்க டிவிஷனுக்கு வந்து பாக்கணும். பனி எறங்கினா முன்னால போற மாடு தெரியாது."

"நீங்கதான் ரோட்டப் பாத்து முடிவு பண்ணணும்" என்றார் முதலாளி. அதிலும் பொய் இல்லை.

சந்திரன் வெற்றிலை துப்ப வெளியே போனபோது நான் பின்னாலேயே போனேன். "சந்திரண்ணே, அது வேற பனி. ஐஸ் மாதிரி கொட்டுறது. பிரிட்ஜுக்குள்ள வெள்ளையா ஒட்டியிருக்குமே, அது. இந்த டயர் நம்ம ரோட்டுக்கு, மழைக்கு நிக்காது."

"ஓ, ருமேனியாக்காரரு!" என்று என் தோளில் தட்டினான். "அங்க ஒரு வருசம் மூட்ட தூக்கிட்டு வந்து எனக்கு டயர் படிச்சுக் குடுக்கிற." திரும்பிக் கடைக்குள் கத்தினான்: "அண்ணே, இது பனி டயருதானே? ஒங்க ஆளு என்னமோ சொல்றான்."

"பனிக்குன்னே செஞ்சது" என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது. தொடர்ந்து, "தம்பி, ஜெக்க எடு."

"கேட்டியா?" என்றான் சந்திரன். "அவரு எங்க லயத்து ஆளு. பொய் சொல்ல மாட்டாரு."

அவன் அன்றைக்கே பூட்டிக்கொண்டு போனான்.

மழை பிடித்த ஒரு பின்னேரம். காலையிலிருந்து வெயில் கொளுத்திவிட்டுத் திடீரென்று கொட்டிய மழை. தாரிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது என்று சொன்னார்கள். பெக்டரி முடிந்து பெண்பிள்ளைகளோடு ஏறிக்கொண்டிருந்த வேனுக்கு எதிரே, வளைவில் தேயிலைக் கொழுந்து ஏற்றிய ஒரு லொறி. சந்திரன் பிரேக்கை மிதித்தான். வேன் நிற்கவில்லை. வழுக்கிக்கொண்டே போய் ரோட்டோரக் கானுக்குள் இறங்கி மண்மேட்டில் சாய்ந்தது. சாகவில்லை யாரும். கண்ணாடி குத்தி முகம் கிழிந்தவர்கள் இருந்தார்கள். பாக்கியம் என்கிற பிள்ளைக்குத் தொடை எலும்பு முறிந்தது.

பொலிஸ் வந்து டயரைப் பார்த்தது. ஆழமான வெட்டுகள். "டயர் ஹொந்தாய்" என்றார் பொலிஸ்காரர், டயர் நல்லது என்று. டயர் நல்லது, பிரேக் நல்லது, அப்படியானால் பிழை ஓட்டியவனுடையது. சந்திரன் வேகமாக வந்தான் என்று கதை தோட்டம் முழுக்கப் பரவியது. குடித்திருந்தான் என்றும் சேர்த்தார்கள். அவன் குடிக்கிறவனே இல்லை.

தோட்டத்து ஆட்கள் சம்மதித்தால் அவனே ஓட்டட்டும், இல்லாவிட்டால் டவுனிலிருந்து வேறு வேன் பிடிக்கிறோம் என்று பெக்டரிக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். அதைத் தீர்க்க ஞாயிற்றுக்கிழமை மாரியம்மன் கோயிலுக்கு முன்னால் கூட்டம் போட்டார்கள். சந்திரன் நெற்றித் தையலோடு கடைக்கு வந்து நின்றான்.

"அண்ணே, நீங்க வந்து டயரப் பத்தி நாலு வார்த்த சொல்லணும். ரோட்டுல அது வழுக்கினதுதான். என் காலுக்கடியில பிரேக் இருந்துச்சு, வேன் கேக்கல. நீங்க சொன்னா சனம் கேக்கும்."

"வந்து, கேக்கிறதுக்குப் பதில் சொல்றேன்" என்றார் முதலாளி.

என்னையும் கூட்டிக்கொண்டு அவருடைய வேனிலேயே போனார். கோயில் வாசலில் பிளாஸ்டிக் கதிரை போட்டிருந்தார்கள். அவருக்கு முன்வரிசையில் இடம். தேத்தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். சீனி போட்டதா என்று கேட்டுவிட்டு, சீனி போடாததை வாங்கிக்கொண்டார். பாக்கியத்தைத் தூக்கிக்கொண்டுவந்து கட்டுப்போட்ட காலை இன்னொரு கதிரையில் நீட்டி உட்காரவைத்திருந்தார்கள்.

தோட்டத்துத் தலைவர் எழுந்து கேட்டார். "ஐயா, அந்த டயருல ஏதும் பிழ இருந்துச்சுங்களா?"

"டயர் வெடிக்கல. காத்துப் போகல. பொலிஸ் பாத்து நல்லதுன்னுதான் சொல்லியிருக்கு."

"என்னான்னு சொல்லிக் குடுத்தீங்க சந்திரனுக்கு?"

"பனி டயர்னு சொன்னேன். அவரையே கேளுங்க."

"ஆமாங்க" என்றான் சந்திரன். "பனி டயருன்னுதான் சொன்னாரு."

கூட்டத்தில் முணுமுணுப்பு. யாரோ, "பனி டயர் போட்டும் ஒழுங்கா ஓட்டத் தெரியலயா?" என்றார்கள்.

பாக்கியம் சத்தமாகக் கேட்டாள். "டயரும் நல்லம், பிரேக்கும் நல்லம். அப்ப என் கால ஒடச்சது யாரு, மாரியாத்தாவா?"

சிலர் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. சந்திரனைத்தான் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். தலைவர், அப்படியானால் வேறு வேன் பார்க்கத்தான் வேண்டும் என்று தொடங்கினார். முதலாளி தேத்தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தார்.

நான் எழுந்தேன். எனக்கு அந்த இடத்தில் பேச உரிமை இல்லை. நான் அந்தத் தோட்டத்து ஆள் இல்லை. ஆனால் இந்த மனிதரின் பழக்கம் எனக்குத் தெரியும். கேட்டால் சொல்லுவார். நேருக்கு நேர் கேட்டுவிட்டால் அவரால் தப்ப முடியாது. அவருடைய நேர்மையை முழுதாக நம்பித்தான் நான் வாயைத் திறந்தேன்.

"முதலாளி, பனின்னா எந்தப் பனி? ஹிமவா, மீதுமவா?"

சிங்களம் தெரியாதவர்கள் அங்கே யாரும் இல்லை. கேள்வி எல்லாருக்கும் விளங்கியது. சந்திரன் தலையைத் தூக்கினான். அவன் முகத்தில் அப்போதுதான் ஏதோ ஓடத் தொடங்கியது.

முதலாளி கோப்பையைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்தார். எனக்குப் பின்னால் நின்ற சனத்தைப் பார்த்தார். கடைக்குப் பின்னால் இன்னும் பாதி விற்காமல் கிடந்த குவியலை நினைத்தாரோ, தன் பெயரை நினைத்தாரோ, எனக்குத் தெரியாது. அதிக நேரம் எடுக்கவில்லை.

"மீதும" என்றார். "மலையில எறங்குற மீதுமதான்."

"பொய்!" என்று கத்தினேன். "பொய் சொல்றாரு! கஹவத்தக்காரருக்கு ஹிமன்னு சொன்னாரே, நான் கேட்டேனே!"

அவ்வளவுதான். ஒருவன் என் சட்டையைப் பிடித்தான். "யாரப் பாத்துடா பொய்ங்கிற? அந்தாளு வாயில பொய் வந்து யாரு கேட்டிருக்கா?" ஒரு பெரியவர் முதலாளியிடம் போய்க் கைகூப்பி, "மன்னிச்சுக்குங்க, ஐயா" என்றார். சோறு போட்டவனுக்கே துரோகம் செய்கிறேன் என்றார்கள். எனக்குச் சோறு போட்டது என் கை. ஆனால் அதை யாரிடம் சொல்வது? அவர் இத்தனை வருடம் சொல்லிச் சேர்த்துவைத்த உண்மைகள் எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் வரிசையாக நின்றன. நான் ஒற்றை ஆள். என்னைத் தள்ளிக்கொண்டு போய் ரோட்டில் விட்டார்கள்.

வேறு வேன் என்று தீர்மானமானது. கேட்டபோது பாக்கியமும் கை தூக்கினாளாம். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நான் கடைக்குத் திரும்பவில்லை. என் பை அந்த டியூப் அறையில் கிடந்தது, கிடக்கட்டும் என்று விட்டேன். கீழே நடந்து வரும்போது, வேன் சாய்ந்த வளைவில் சந்திரன் கானோரம் குந்தியிருந்தான். என்னைக் கண்டதும் எழும்பி, அடிக்க வருகிறவன் மாதிரி வந்தான். கிட்ட வந்து நின்றான்.

"ஒன்ன யாரு கேக்கச் சொன்னா?"

"ஒங்களுக்காகத்தாண்ணே கேட்டேன். நான் அன்னைக்கே சொன்னேனே, அது வேற பனின்னு."

"சொன்ன. நீ சொன்னதுதான் சரின்னு வேன் கானுக்குள்ள போகயிலயே எனக்குத் தெரிஞ்சு போச்சு. அவருக்கும் தெரியாமத்தான் வித்திருப்பாருன்னு நெனச்சுக்கிட்டேன். பெரிய மனுசன், அவரும் ஏமாந்துட்டாருன்னு. ஹயர் போனாலும் அத நெனச்சுக்கிட்டு இருந்திருப்பேன்டா. மீதுமன்னு சொல்லயில என்னையப் பாத்துக்கிட்டே சொன்னாரு. என் மூஞ்சியப் பாத்துக்கிட்டே."

நான் ஏதோ சொல்லப் போனேன். கையைக் காட்டி நிறுத்தினான்.

"போ. நீ போயிருவ. நான் நாளைக்கு அவர் பொறந்த லயத்துலதான் எந்திரிக்கணும். எல்லாரும் அவர நல்லவருன்னு சொல்லுவாங்க, நான் ஆமான்னு சொல்லணும்."